பெயரிடப்படாத சுமை: ஆபத்தான பொருட்களின் வகைப்பாட்டு வரலாறும் அறியும் உரிமையும் (1866–2020)

ஆய்வுச்சுருக்கம்

வெடிக்கும், எரியும், நஞ்சூட்டும், அரிக்கும் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்து, அவற்றை ஏற்றவும் இறக்கவும் தேக்கிவைக்கவும் விதிகள் வகுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று. இம்முறையின் வளர்ச்சி பெரும்பாலும் வேதியியலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சுமையைத் தொடுகின்ற தொழிலாளியும் தீயை அணைக்க ஓடுகின்ற வீரரும் தம்முன் இருப்பது இன்னதென அறிந்துகொள்ளும் உரிமை எவ்வாறு படிப்படியாக உருவானது என்ற நோக்கில் அதே வரலாற்றை இக்கட்டுரை அணுகுகிறது. சான் பிரான்சிஸ்கோ (1866), மும்பை (1944), டெக்சஸ் சிட்டி (1947), என்ஸ்கெடே (2000), பெய்ரூட் (2020) ஆகிய விபத்துகளும் சென்னை மணலியில் தேங்கியிருந்த அம்மோனியம் நைட்ரேட் சரக்கும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வகைப்பாட்டின் பயன் அதனை வாசிப்போரின் மொழியைச் சார்ந்தது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆபத்தான பொருட்கள், வகைப்பாடு, வெடிபொருள் சட்டம், ஐ.நா. எண், அம்மோனியம் நைட்ரேட், மும்பைத் துறைமுக வெடிவிபத்து, சிவகாசி, எச்சரிக்கைச் சீட்டு.

முன்னுரை

நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறத்தில் சாய்சதுர வடிவில் ஒரு வண்ணச் சின்னமும் நான்கு இலக்க எண் ஒன்றும் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். 1203 எனில் பெட்ரோல். 1075 எனில் சமையல் எரிவாயு. 1005 எனில் நீரற்ற அம்மோனியா. 1017 எனில் குளோரின். லாரி கவிழ்ந்து ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும் நிலையிலும், உள்ளே இருப்பது இன்னதென அந்த எண் தொலைவிலிருந்தே அறிவித்துவிடும். நீர் பாய்ச்சலாமா, ஊரை அகற்ற வேண்டுமா, காற்றின் எத்திசையில் நிற்க வேண்டும் என்ற முடிவுகள் அனைத்தும் அவ்வெண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

இவ்வளவு எளிய ஓர் ஏற்பாடு உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அதன் ஒவ்வொரு படிநிலைக்கும் பின்னே ஒரு பெருவிபத்து உண்டு. அவ்விபத்துகளை ஒப்புநோக்கும்போது ஒரு பொதுக்கூறு தென்படுகிறது. மாண்டவர்களுள் கணிசமானோர், எரிவது இன்னதென அறியாமல் அருகே சென்றவர்கள். சரக்கின் தன்மையை அறிந்த ஒருவர் எங்கோ இருந்தார். அவ்வறிவு உரியவரைச் சென்றடையவில்லை. எனவே, வகைப்பாட்டின் வரலாற்றை அறிவைக் கடத்தும் முயற்சியின் வரலாறாகக் காண்பதற்கு இடமுள்ளது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

இங்கு இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஒரு பொருளின் இயல்பிலேயே அமைந்த தீங்கு விளைவிக்கும் ஆற்றல் 'ஆபத்து' எனவும், குறிப்பிட்ட சூழலில் அது உண்மையில் தீங்கு விளைவிக்கக்கூடிய வாய்ப்பு 'இடர்' எனவும் இக்கட்டுரையில் வழங்கப்படுகின்றன. வகைப்பாடு முதன்மையாக ஆபத்தையே அளக்கிறது. அளவு, இடம், உடனிருக்கும் பொருள், கையாளுபவரின் அறிவு ஆகியன இடரை நிர்ணயிக்கின்றன.

உள்ளிருப்பதை அறியாத பெட்டி: 1866

நைட்ரோகிளிசரின் 1847இல் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் இத்தாலிய வேதியியலாளரால் கண்டறியப்பட்டது. வெடிமருந்தினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த இந்நீர்மம் 1860களில் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் பெருமளவில் தேவைப்பட்டது. சிறு அதிர்வுக்கும் வெடிக்கக்கூடிய அதனைக் கடல் கடத்தி அனுப்புவதற்கு அக்காலத்தில் தனி விதிகள் ஏதுமில்லை.

1866 ஏப்ரல் 3ஆம் நாள் பனாமா நிலஇடுக்கின் ஆஸ்பின்வால் துறைமுகத்தில், நைட்ரோகிளிசரின் பெட்டிகளை ஏற்றியிருந்த 'யூரோப்பியன்' என்ற கப்பல் வெடித்தது. அதே மாதம் 16ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் அலுவலக முற்றத்தில் மற்றொரு வெடிப்பு நிகழ்ந்து 15 பேர் மாண்டனர். கசிந்துகொண்டிருந்த ஒரு மரப்பெட்டியை, சேதத்தை மதிப்பிடும் பொருட்டு, சுத்தியலும் உளியும் கொண்டு திறக்க முயன்றபோது அது வெடித்தது. பெட்டியின்மேல் உள்ளிருப்பதைச் சுட்டும் குறிப்பு எதுவும் இல்லை.

இவ்விபத்து தொடர்பான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. சரக்கேற்றும் நிறுவனம் ஐயத்திற்கு இடமில்லாத ஒரு பெட்டியின் உள்ளடக்கத்தை அறிந்திருக்கக் கடமைப்பட்டதன்று என்றும், அறியாமல் வழக்கமான முறையில் கையாண்டது கவனக்குறைவு ஆகாது என்றும் 1872இல் அந்நீதிமன்றம் முடிவு செய்தது. சட்ட நோக்கில் இத்தீர்ப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அதன் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சுமப்பவன் அறிய வழியில்லை எனில், அறிவிக்கும் கடமை அனுப்புபவனுக்கே உரியதாதல் வேண்டும். 1866 ஜூலையிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நைட்ரோகிளிசரின் போக்குவரத்துச் சட்டம் இத்திசையில் முதல் அடியை எடுத்துவைத்திருந்தது. பொருளின் பெயரையும் 'ஆபத்தானது' என்ற சொல்லையும் பொதியின்மேல் எழுதுதல் கட்டாயமாக்கப்பட்டது. சரக்கை அனுப்புநரே அறிவித்தல் வேண்டும் என்ற இன்றைய பன்னாட்டு விதியின் மூலத்தை இங்குக் காணலாம்.

ஆல்ஃபிரட் நோபல் இச்சிக்கலை வேறு வழியில் அணுகினார். நைட்ரோகிளிசரினை நுண்துளைகள் கொண்ட ஒருவகை மண்ணில் ஊறவைத்து 1867இல் அவர் உருவாக்கிய டைனமைட், கையாளுவதற்குப் பாதுகாப்பானதாக அமைந்தது. பொருளின் வடிவம் மாறினால் ஆபத்தின் அளவும் மாறும் என்ற இவ்வுண்மை, பிற்கால வகைப்பாட்டில் நிலைபெற்ற ஒரு கொள்கையாயிற்று.

அளவுகோல்களின் தோற்றம்

பெயரெழுதுதல் மட்டும் போதாது. எது எதனோடு சேரக்கூடாது என்பதும், எந்த எல்லைக்குமேல் ஒரு பொருள் ஆபத்தானது என்பதும் வரையறுக்கப்படுதல் வேண்டும். 1874 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் ரீஜண்ட் கால்வாயில் சென்ற 'டில்பரி' என்னும் சரக்குப் படகு வெடித்து மூவர் மாண்டனர். பாலம் ஒன்று தகர்ந்தது. அப்படகில் ஏறத்தாழ ஐந்து டன் வெடிமருந்தும் எளிதில் ஆவியாகும் பெட்ரோலிய நீர்மமும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் வெடிபொருள் சட்டத்தை இயற்றியது. வெடிமருந்து, நைட்ரேட் கலவை, நைட்ரோ சேர்மம், குளோரேட் கலவை, ஃபல்மினேட், படைத்தளவாடம், வாணவேடிக்கைப் பொருள் என ஏழு வகுப்புகள் அதன்வழி நடைமுறைக்கு வந்தன.

இதே அடிப்படையில் இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. அதனைச் செயற்படுத்த 1898இல் வெடிபொருள் துறை நிறுவப்பட்டது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு இன்று இயங்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் அதன் வழித்தோன்றல். இந்திய விதிகளில் பட்டாசு இன்றும் ஏழாம் வகுப்பாகவே வழங்குகிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்து வகுப்பெண் சிவகாசியின் உரிமப் பத்திரங்களில் தொடர்ந்து வாழ்கிறது எனலாம்.

எரிபொருட்களைப் பொறுத்தவரை அளவுகோலைத் தந்தவர் ஃபிரடெரிக் ஏபெல். ஒரு நீர்மத்தின் ஆவி காற்றோடு கலந்து சிறுசுடர் பட்டவுடன் கணநேரம் பற்றியெரியும் மிகக் குறைந்த வெப்பநிலையே தீப்பற்று நிலை. ஏபெல் வடிவமைத்த மூடிய கிண்ணக் கருவி இவ்வெப்பநிலையைச் சீராக அளந்தது. 1879ஆம் ஆண்டின் பிரித்தானியப் பெட்ரோலியச் சட்டம் 73 பாரன்ஹீட் பாகையை எல்லையாக ஏற்றது. அது செல்சியசில் ஏறத்தாழ 22.8 பாகை. இந்தியாவின் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தில் இன்றுள்ள வரையறைப்படி, தீப்பற்று நிலை 23 பாகைக்குக் கீழிருப்பின் 'அ' வகுப்பு. 23 முதல் 65க்குள் 'ஆ' வகுப்பு. 65 முதல் 93க்குள் 'இ' வகுப்பு. பெட்ரோல் முதல் வகுப்பினது. மண்ணெண்ணெயும் டீசலும் இரண்டாம் வகுப்பின.

23 பாகை என்னும் எல்லை குளிர்நாட்டு ஆய்வகத்தின் எல்லைக்கு மிக அண்மையில் நிற்பது ஓர் உண்மையை உணர்த்துகிறது. சென்னையில் கோடைப் பகல் 40 பாகையை எட்டுவது வழக்கம். அவ்வெப்பத்தில் 'ஆ' வகுப்பு எண்ணெய்கள் சிலவும் தம் தீப்பற்று நிலையை நெருங்கிவிடும். வகுப்பு மாறவில்லை, இடர் மாறிவிடுகிறது. வகுப்பை மட்டும் நம்பாது சூழலையும் சேர்த்து நோக்க வேண்டியதன் தேவை இதனால் புலப்படும்.

மும்பை, 1944 ஏப்ரல் 14

விதிகள் இருந்தும் அவை தளர்த்தப்படும்போது நேர்வதற்கு மும்பை விக்டோரியா கப்பல்துறை வெடிவிபத்து சான்றாகிறது. 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்னும் கப்பல் 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டுக் கராச்சி வழியாக ஏப்ரல் 12ஆம் நாள் மும்பை வந்தடைந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருட்கள் இருந்தன. கராச்சியில் அதனுடன் 8,700 பருத்திப் பொதிகளும் மசகெண்ணெய்ப் பீப்பாய்களும் மரக்கட்டைகளும் ஏற்றப்பட்டன. இரண்டாம் சரக்கறையின் அடித்தளத்தில் பருத்தி. அதற்கு மேல்தளத்தில் வெடிபொருள். கப்பல் தலைவர் இவ்வேற்பாட்டிற்கு மறுப்புத் தெரிவித்தும், போர்க்காலத் தேவை என்ற காரணத்தால் அது ஏற்கப்படவில்லை.

வெடிபொருள் ஏற்றிய கப்பல்கள் துறைமுகத்தின் உள்ளே வராமல் வெளியே நின்று சிறுபடகுகள் வழியாக இறக்குவதே அமைதிக்கால வழக்கம். போர்க்காலத்தில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டிருந்தது. வெடிபொருள் இருப்பதைச் சுட்டும் செங்கொடியும் ஏற்றப்படவில்லை. 14ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் பருத்தியில் புகை தென்பட்டது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து நீர் பாய்ச்சினர். பொதிகளாக இறுக்கப்பட்ட பருத்தி, மேலே நீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டேயிருக்கும் தன்மையது. மாலை 4.06 மணிக்கு முதல் வெடிப்பும், அரைமணி நேரத்திற்குள் அதனினும் பெரிய இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தன. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில் பதிவாயிற்று. மாண்டோர் தொகை 800 முதல் 1,300 வரை எனப் பலவாறு கணிக்கப்படுகிறது. அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஏப்ரல் 14ஆம் நாளை இந்தியா இன்றும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிப்பது இவர்களின் நினைவாகவே.

தனித்து நோக்கின் பருத்தி ஒரு சாதாரணச் சரக்கு. தக்க காவலுடன் ஏற்றப்பட்ட வெடிபொருளும் கடலைக் கடந்து வரக்கூடியதே. இரண்டும் ஒரே அறையில் அடுக்கப்பட்டதே கேட்டிற்கு வித்தாயிற்று. இன்றைய கடல்வழி விதித்தொகுப்பில், எந்த வகுப்பை எவ்வகுப்பிலிருந்து எவ்வளவு பிரித்துவைத்தல் வேண்டும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதன் கட்டங்களை வாசிப்போர் மும்பையை நினைவில் கொள்ளுதல் பொருந்தும்.

ஒன்பது வகுப்புகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கடல்வழி, இருப்புப்பாதை, சாலை, வான்வழி எனப் பன்முகமாக விரிந்த வணிகத்திற்கு நாட்டுக்கு நாடு மாறுபட்ட விதிகள் தடையாயின. ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம் 1953இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகள் 1956இல் முதன்முதலாக வெளியாயின. அட்டையின் நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என வழங்கும் அத்தொகுப்பு இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது.

அதன்படி வெடிபொருட்கள், வாயுக்கள், எரியும் நீர்மங்கள், எரியும் திண்மங்கள், ஆக்சிஜனேற்றிகளும் கரிமப் பெராக்சைடுகளும், நச்சுப் பொருட்களும் தொற்றுப் பொருட்களும், கதிரியக்கப் பொருட்கள், அரிக்கும் பொருட்கள், பிற ஆபத்தான பொருட்கள் என ஒன்பது வகுப்புகள் உள்ளன. நான்காம் வகுப்பினுள் தாமாகத் தீப்பற்றுவனவும் நீர்பட்டால் எரிவாயு வெளியிடுவனவும் தனிப் பிரிவுகளாகும். வகுப்பெண்ணின் ஏறுமுகம் ஆபத்தின் இறங்குமுகம் அன்று. எட்டாம் வகுப்பு அமிலம் மூன்றாம் வகுப்பு எண்ணெயினும் தீங்கு குறைந்தது எனக் கொள்ளுதல் பிழை. வகுப்பு ஆபத்தின் தன்மையைச் சுட்டுகிறது. அதன் கடுமையைப் பல வகுப்புகளில் ஒன்று முதல் மூன்று வரையான பொதிக்குழுக்கள் சுட்டுகின்றன. முதற்குழு மிகக் கொடியது.

இவ்வமைப்பின் சிறப்பு மொழி கடந்தது என்பதே. எண்ணும் நிறமும் வடிவமும் எந்நாட்டினராலும் அறியப்படும். எனினும், ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற எளிமை சில இடங்களில் குலைகிறது. அதற்குத் தலைசிறந்த சான்று அம்மோனியம் நைட்ரேட்.

ஒரே பொருள், பல எண்கள்

வயலில் தூவும் தழைச்சத்து உரமாகவும், சுரங்கத்தில் பாறை பிளக்கும் வெடிபொருளின் மூலப்பொருளாகவும் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுகிறது. எரியக்கூடிய பொருள் 0.2 விழுக்காட்டிற்கு மேற்படாதிருப்பின் அது ஐந்தாம் வகுப்பு ஆக்சிஜனேற்றி, எண் 1942. அவ்வெல்லையைக் கடப்பின் அது முதல் வகுப்பு வெடிபொருள், எண் 0222. உரக் கலவையாக வரும்போது, உள்ளடக்கத்தைப் பொறுத்து, 2067 அல்லது ஒன்பதாம் வகுப்பின் 2071. ஆயிரம் பங்கில் இரண்டு பங்கு கரிமப் பொருள் ஒரு சரக்கின் வகுப்பையே மாற்றிவிடுகிறது.

இந்நுண்ணிய எல்லைக்குப் பின்னே நீண்ட துயர வரலாறு உண்டு. 1921 செப்டம்பர் 21ஆம் நாள் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில், இறுகிப்போன அம்மோனியம் சல்ஃபேட் – நைட்ரேட் உரக்குவியலைச் சிறு வெடிகள் வைத்து உடைத்தபோது முழுக்குவியலும் வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்முறை அங்கு ஆயிரக்கணக்கான தடவை தீங்கின்றிக் கையாளப்பட்டிருந்தது. பழக்கம் அச்சத்தைப் போக்குமேயன்றி ஆபத்தைப் போக்காது.

1947 ஏப்ரல் 16ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் 'கிராண்ட்காம்ப்' என்னும் கப்பலில் 2,000 டன்னுக்கும் மேற்பட்ட அம்மோனியம் நைட்ரேட் காகிதப் பைகளில் அடுக்கப்பட்டிருந்தது. கட்டிபிடிக்காமல் இருக்க அதன் மணிகள் மெழுகு போன்ற கரிமப் பொருளால் பூசப்பட்டிருந்தன. பையின்மேல் உரம் என்ற பெயர் இருந்தது. வெடிக்கும் என்ற எச்சரிக்கை இல்லை. தீப்பிடித்தபோது சரக்கு நனைந்து பாழாகாதிருக்க நீரைத் தவிர்த்து, அறையை மூடி நீராவி செலுத்தினர். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தரும் ஒரு பொருளை மூச்சடைத்து அணைக்க இயலாது. வெப்பமும் அழுத்தமும் மிகுந்ததே விளைவு. குறைந்தது 581 பேர் மாண்டனர். அவ்வூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் 28 பேரில் 27 பேர் அவர்களுள் அடங்குவர். புகையின் வண்ணத்தைக் காணக் கரையில் கூடிய பொதுமக்களும் உயிரிழந்தனர். இழப்பீடு கோரிய வழக்கில் அரசுக்குப் பொறுப்பில்லை என 1953இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டுத் தீர்ப்போடு இதனை இணைத்து நோக்கின், அறியாமையால் நேர்ந்த இழப்பிற்கு இழப்பீடு கோரியோர் இரு முறையும் அந்நீதிமன்றத்தில் தோல்வியுற்றனர் என்பது தெளிவாகும்.

2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூட்டில் நிகழ்ந்தது இதன் மற்றொரு வடிவம். 2013இல் அங்கு வந்து நின்ற 'ரோசஸ்' என்ற கப்பலிலிருந்து இறக்கப்பட்ட 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் துறைமுகத்தின் 12ஆம் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதன் இயல்பு அதிகாரிகளுக்குத் தெரியும். அதனை அகற்றக் கோரிக் கடிதங்களும் எழுதப்பட்டன. ஆயினும் அன்று மாலை தீயணைக்கச் சென்ற பத்துப் பேர் கொண்ட குழுவிற்கு உள்ளிருப்பது சொல்லப்படவில்லை. அவர்கள் அனைவரும் உட்பட 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சான் பிரான்சிஸ்கோவில் பெட்டியின்மேல் பெயர் இல்லை. பெய்ரூட்டில் பெயர் கோப்பில் இருந்தது, கதவில் இல்லை.

பெய்ரூட்டின் செய்தி எட்டியவுடன் சென்னை மணலியின் மீது கவனம் திரும்பியது. 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்குள்ள கொள்கலன் சரக்கு நிலையத்தில் 37 கொள்கலன்களில் ஐந்தாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. உரத்தரம் என அறிவிக்கப்பட்ட அச்சரக்கு வெடிபொருள் தரத்தது என்பதே சுங்கத்துறையின் வாதம். அதாவது, எந்த எண் என்பதே வழக்கு. வழக்கு நீடித்த காலமெல்லாம் மக்கள் நெருங்கி வாழும் வடசென்னையில் அப்பொருள் இருந்தது. 2020 ஆகஸ்டில் மின்னணு ஏலத்தின்வழி விற்கப்பட்டு ஐதராபாத்திற்கு அனுப்பப்பட்டது. எடையில் 45 விழுக்காட்டிற்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவைகளை வெடிபொருளாகக் கருதும் அறிவிக்கை 2011இலும், அதற்கான தனி விதிகள் 2012இலும் இந்தியாவில் வந்துவிட்டன. துறைமுகப் பகுதியில் தேக்கிவைப்பதைக் கட்டுப்படுத்தும் திருத்தமோ பெய்ரூட்டிற்குப் பின் 2021இல்தான் வந்தது.

பட்டாசு: பொதியும் வகுப்பும்

அம்மோனியம் நைட்ரேட்டின் வகுப்பு அதன் கலவையைப் பொறுத்தது எனின், பட்டாசின் வகுப்பு அதன் அளவையும் பொதியையும் பொறுத்தது. ஐ.நா. முறையில் பட்டாசுக்கு 0333 முதல் 0337 வரை ஐந்து எண்கள் உண்டு. முழுச்சரக்கும் ஒருசேர வெடிக்கும் தன்மையது 0333. பெருந்தீயாக எரிவது 0335. விளைவு பெரும்பாலும் பொதிக்குள் அடங்கும் சிறுபட்டாசு 0336.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13ஆம் நாள் குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் மாண்டனர். அங்கிருந்த சரக்கின் பெரும்பகுதி குறைந்த ஆபத்துடைய வகுப்பிலேயே பதிவாகியிருந்தது. உண்மையில் அதனினும் கடுமையான வகைகள் அங்கு இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. இதன்பின், பட்டாசின் வகையும் அளவும் கொண்டே வகுப்பைத் தீர்மானிக்கும் இயல்புநிலை அட்டவணை ஒன்று ஆரஞ்சுப் புத்தகத்தில் இடம்பெற்றது. அனுப்புநரின் கூற்றை மட்டும் நம்பும் முறைக்கு இது ஒரு வரம்பிட்டது.

சிவகாசி வட்டாரத்திற்கு இவ்வரலாறு நேரடித் தொடர்புடையது. கலவை செய்யும் அறை, மருந்து செலுத்தும் அறை, உலர்த்தும் மேடை, கிடங்கு ஆகியவற்றுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளியும், ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. உராய்விற்கே வெடிக்கும் கலவை அது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஆலைத் தொழிலாளருடன், உதவிக்கு ஓடிச்சென்ற ஊராரும் அவர்களுள் இருந்தனர். மும்பையிலும் டெக்சஸ் சிட்டியிலும் கண்ட அதே நிலை இங்கும் மீள்கிறது. முதல் ஓசையைக் கேட்டு உதவ ஓடுவது மனித இயல்பு. உள்ளே இன்னும் வெடிக்காதது எவ்வளவு என்பதை அறிந்தாலன்றி அவ்வியல்பே உயிருக்கு உலையாகிவிடும்.

சீட்டை வாசிப்பவர்

வகைப்பாட்டின் கடைசிக் கண்ணி வாசிப்பவர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆபத்தான சரக்கேற்றும் வாகனத்தில் அவசரகாலத் தகவற்பலகை இருத்தல் வேண்டும் என்கின்றன. பொருளின் தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்திலும், ஐ.நா. எண் 100 மில்லிமீட்டர் உயர இலக்கத்திலும், வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்திலும் அதில் அமைதல் வேண்டும். ஓட்டுநர் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள இந்திய மொழி ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், தனிப்பயிற்சி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளின் கூறு. ஓட்டுநரின் மொழியறிவைப் பாதுகாப்பின் ஓர் உறுப்பாகச் சட்டமே ஏற்றுக்கொண்டிருப்பது கவனத்திற்குரியது. ஆயின் இறக்கும் சுமைத்தொழிலாளிக்கோ, விபத்திடத்தில் முதலில் கூடும் ஊராருக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை.

தமிழ் உழவர் நன்கறிந்த வகைப்பாடு ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லிப் புட்டியின் மீதுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் கடுமையைச் சுட்டும். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டு விதிகளின்படி, சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் கொடிய நஞ்சு. நீலம் மிதமான நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. ஆய்வு விலங்குகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, உடல் எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம்வரை எனில் சிவப்பு, 500வரை மஞ்சள், 5,000வரை நீலம், அதற்குமேல் பச்சை. போக்குவரத்து விளக்கின் பொருளில் பச்சையைத் 'தடையில்லை' என வாசிக்க இடமுண்டு. உண்மையில் பச்சையும் நஞ்சின் ஒரு படியே. குறியீடு இருந்தும் பொருள் திரியும் இவ்விடத்தில்தான் உடன்வரும் துண்டறிக்கையின் தெளிந்த தமிழ் இன்றியமையாததாகிறது.

1992 ரியோ மாநாட்டின் பரிந்துரையிலிருந்து வளர்ந்து 2003இல் வெளியான உலகளாவிய ஒத்திசைந்த வகைப்பாட்டு முறை, போக்குவரத்துக்கு அப்பால் ஆலைத் தொழிலாளியையும் நுகர்வோரையும் கருத்தில் கொண்டது. ஒன்பது படக்குறிகளும், கடுமை மிக்கதற்கு ஒன்றும் குறைந்ததற்கு ஒன்றுமாக இரு அறிவிப்புச் சொற்களும் அதன் கூறுகள். தமிழில் இவற்றை 'ஆபத்து', 'எச்சரிக்கை' என வழங்கலாம். நடைமுறையில் அபாயம், ஆபத்து, எச்சரிக்கை, கவனம் ஆகிய நான்கும் வேறுபாடின்றி எழுதப்படுகின்றன. படிநிலையைச் சுட்டவேண்டிய சொற்கள் ஒரே பொருளில் வழங்கினால் வகைப்பாடு மொழிபெயர்ப்பிலேயே அழிந்துவிடும். இரசாயனப் பொருட்களின் சீட்டு தொழிலாளர் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் அமைதல் வேண்டும் என 1990ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை கூறுவதை இங்கு நினைவிற்கொள்ளலாம். கலைச்சொல் ஒழுங்கைத் தமிழாய்வுலகம் தன் கடமைகளுள் ஒன்றாகக் கருதுவதற்கு இது தக்க காரணம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, வகைப்பாட்டு விதிகள் பெரும்பாலும் விபத்துகளைப் பின்தொடர்ந்தே வந்துள்ளன. 1866க்குப் பின் பெயரெழுதுதலும், 1874க்குப் பின் வகுப்புகளும், 2000க்குப் பின் பட்டாசு அட்டவணையும், 2020க்குப் பின் துறைமுகத் தேக்கக் கட்டுப்பாடும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

இரண்டாவதாக, ஆபத்து பொருளில் மட்டும் உறைவதன்று. மும்பையில் அண்டை வைத்த சரக்கும், டெக்சஸ் சிட்டியில் மெழுகுப் பூச்சும், என்ஸ்கெடேயில் திரட்சியும், பெய்ரூட்டில் காலத்தாழ்வும் இடரைப் பெருக்கின.

மூன்றாவதாக, அறிவு இல்லாமையைக் காட்டிலும் அறிவு சென்றடையாமையே மிகுதியான உயிர்களைக் கொண்டிருக்கிறது. பெரும்பாலான விபத்துகளில் எவரோ அறிந்திருந்தனர். மாண்டவர்களுள் பலர் அறிந்திலர்.

ஆகவே, ஒரு வகைப்பாட்டின் செம்மையை அதன் அட்டவணையின் நுட்பத்தால் மட்டும் அளத்தல் போதாது. நள்ளிரவில் கவிழ்ந்த லாரியின் அருகே முதலில் வந்து நிற்கும் ஒருவர், பின்புறப் பலகையை வாசித்து, தாமும் விலகிப் பிறரையும் விலக்க இயலுமா என்பதே அதற்குரிய உரைகல். அவர் வாசிக்கும் மொழி தமிழாக இருக்கும் இடங்களில் அப்பலகையும் தமிழ் பேசுதல் வேண்டும்.